மூக்கு ஊதும் சித்தி

பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்ட எங்கள் ஊரில் இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கால்மேல் கிடத்திக்கொள்வாள். இன்னொருத்தி வெந்நீரை விளாவி ஊற்றுவாள். எண்ணெய் தேய்த்து, கை காலை நீவி, தலையை உருட்டி, தண்ணீர் ஊற்றி முடித்த பிறகுதான் பெரிய வேலையே இருக்கிறது. காலை நீட்டியிருப்பவள் குனிந்து பிள்ளையின் மூக்கில் வாயை வைத்து ஊத வேண்டும். ஒரு துவாரத்துக்கு ஒரு ஊது. அப்புறம் காதுக்கு இரண்டு, தொப்புளுக்கு ஒன்று. ஊதினதும் பிள்ளை தும்மும். தும்மினால் மடியில் வைத்திருப்பவள் உடனே "நூறு" என்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கு நூறு வயசு என்று அர்த்தம். இரண்டாம் தும்மலுக்கு "எரநூறு". ஊதாமல் விட்டால் மூக்கு சப்பையாகிவிடும் என்பார்கள். ஊதியும் சப்பையாகிப்போன மூக்குகள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு உண்டு. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆடு மேய்க்கிற வன்னியபெருமாள் வீட்டில் இந்த ஊதுகிற வேலை இளைய மகள் சத்யபிரியாவுக்கு வந்து சேர்ந்தது. பெற்றவள் மூத்தவள் முத்துசெல்வி. தலைப்பிரசவம், வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. தையல் ஆறுகிறவரை அவளால் குனிய முடியாது. முறைப்படி தாய்க்காரி ராதாமணிதான் குளிப்பாட்ட வேண்டும். ஆனால் ராதாமணிக்கு இளைப்பு. ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்தால் போதும், நெஞ்சுக்குள் விசில் கேட்கும்.

"எனக்கே மூச்சு பத்த மாட்டேங்கு. இதுல புள்ளைக்கு எங்கன ஊத? நீ ஊதுட்டி, நான் தண்ணி ஊத்துதேன்" என்று சின்னவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

பத்தொன்பது வயசுப் பிள்ளைக்கு அது வேலையாகத் தெரியவில்லை, பெருமையாக இருந்தது. காலை ஆறு மணிக்குக் குளிப்பாட்டல். ஏழே முக்காலுக்குக் கோவில்பட்டி பஸ். கல்லூரியில் இரண்டாம் வருஷம், நுண்ணுயிரியல். அந்தப் பாடத்தின் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு வாயில் நுழையாது. "கிருமிப் படிப்பு" என்று வைத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் ஏறின பிறகும் அவள் துப்பட்டாவில் பிள்ளையின் எண்ணெய் வாசம் இருக்கும். அதை முகர்ந்துகொண்டே கல்லூரிவரை போவாள்.

அந்த வருஷம் மழை நின்று பெய்தது. கரிசல் மண் நனைந்துவிட்டால் மனுஷனை விடாது. வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போவதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஏறிவிடும். உளுந்தும் மக்காச்சோளமும் நிற்கிற காலம், ஆட்டைக் காட்டுக்குள் விட முடியாது. வன்னியபெருமாள் அறுபது செம்மறியையும் கண்மாய்க் கரையிலும் ரோட்டு ஓரத்திலும் ஓட்டிக்கொண்டு அலைந்தார். ஈரத்திலேயே நின்று ஆடுகளுக்குக் குளம்பு அழுகல் வந்துவிட்டது. சாயங்காலம் பட்டியில் அடைத்ததும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டு, குளம்பிடுக்கில் சேற்றை வழித்து, ஒரு மஞ்சள் பொடியை அப்புவார். கால்நடை மருந்துக் கடையில் வாங்குகிற பொடி. அந்த டப்பா எப்போதும் வீட்டு வாசல் மாடத்தில் இருக்கும். ஆட்டுக்கு மட்டும்தான் என்று அந்த வீட்டில் ஒரு சட்டமும் கிடையாது. முள் குத்தினாலும் அதுதான், அரிவாள் பட்டாலும் அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை கல்லூரியில் செய்முறை வகுப்பு. ஆசிரியை பிரித்திகா பஞ்சு சுற்றின குச்சிகளைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவர் மூக்கில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கச் சொன்னார். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒருத்தி மூக்கை ஒருத்தி பிடித்துக்கொண்டு தும்மலும் சிரிப்புமாகக் கிடந்தார்கள். சத்யபிரியா மூக்கில் குச்சி விட்டவள் அவள் தோழி இசக்கிசெல்வி.

"ஏட்டி, ஆடாம இரு. மூள வரைக்கும் போயிரப் போவுது."

"போனா என்னட்டி, அங்கன ஒண்ணுந்தான் இல்லையே."

குச்சியைக் கிருமி வளர்க்கிற சிவப்புத் தட்டில் தேய்த்து வைத்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் சில தட்டுகள் சிவப்பாகவே இருந்தன, தேடுகிற கிருமி இருந்த சில மஞ்சளாகின. மஞ்சளான தட்டுகளில் இருந்ததை எடுத்து வேறு தட்டில் பரப்பி, அதன்மேல் பொட்டு மாதிரி ஆறு மருந்து வட்டுகளை வைத்தார்கள். மருந்துக்குக் கிருமி அடங்கினால் வட்டைச் சுற்றி வெறும் வளையம் விழும். அடங்காவிட்டால் கிருமி வட்டின் ஓரம்வரை வளர்ந்து நிற்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம் பிரித்திகா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மூன்று பேரை அப்படிக் கூப்பிட்டிருந்தார், ஒவ்வொருத்தராக, அடுத்தவருக்குத் தெரியாமல்.

"உக்காரு சத்யா. இது நோய் இல்ல. மொதல்ல அத மனசுல வச்சுக்கோ. பத்துப் பேர் மூக்கப் பாத்தா ரெண்டு மூணு பேருக்கு இந்தக் கிருமி சாதாரணமா இருக்கும். சும்மா குடியிருக்கும். ஆனா ஒன்கிட்ட இருக்கிறது கொஞ்சம் முரட்டுச் சாதி. பாரு, ஆறு வட்டுல நாலுக்கு வளையமே இல்ல. இந்த ரெண்டு மருந்துக்குத்தான் அடங்குது."

சத்யபிரியா தட்டைப் பார்த்தாள். நாலு வட்டுகளும் கிருமிக்கு நடுவே சும்மா கிடந்தன.

"ஒனக்கு ஒண்ணும் ஆகாது. டாக்டரப் பாத்து மூக்குல போடுற களிம்பு வாங்கி அஞ்சு நாள் போடணும், கையச் சோப்புப் போட்டுக் கழுவணும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது நீ இல்ல, சுத்தி இருக்கவங்கதான். வீட்ல பச்சப்புள்ள, ஆபரேஷன் ஆனவங்க, ஆறாத புண்ணு இருக்கவங்க யாராவது உண்டா?"

"இல்ல மிஸ்" என்றாள்.

அவளுக்கே அது தன் வாயிலிருந்து வந்ததா என்று இருந்தது. காலையில்தான் பிள்ளையின் மூக்கில் வாயை வைத்து ஊதிவிட்டு வந்திருக்கிறாள். ஆறேழு நாளாக ஊதியிருக்கிறாள். உண்டு என்று சொன்னால் மிஸ் அம்மாவுக்குப் போன் போடுவார். அம்மா அக்காவிடம் சொல்வாள். அக்கா மாமியாருக்குத் தெரியும். அப்புறம் பிள்ளையைக் கண்ணால் பார்க்கக்கூட விடமாட்டார்கள். இத்தனையும் ஒரு நொடியில் ஓடி அந்த "இல்ல" வந்துவிட்டது. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத பிள்ளைக்குத்தான் இப்படி ஆகும். பழகினவர்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்வார்கள்.

மறுநாள் காலை ராதாமணி வெந்நீர் விளாவி வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். சத்யபிரியா வரவில்லை.

"நான் வீட்டுக்குத் தூரம்மா. பாப்பாவத் தொடக்கூடாது."

"ரெண்டு வாரத்துக்கு முன்னதானட்டி இருந்த? மாசத்துக்கு எத்தன தடவ வரும் ஒனக்கு?"

ராதாமணியே காலை நீட்டி உட்கார்ந்தாள். முத்துசெல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தண்ணீர் ஊற்றினாள். ஊதப் போன ராதாமணிக்கு இருமல் வந்து, பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் இருமினாள். இதைச் சமையல்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சின்னவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் வரவில்லை.

அன்றிலிருந்து அவள் ஒரு தினுசாக இருந்தாள். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை கை கழுவினாள். களிம்புக்காக டாக்டரிடம் போக மட்டும் வழி இல்லை, வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். புதுச் சோப்பு இரண்டே நாளில் சில்லாகத் தேய்ந்தது.

"ஏட்டி, நீ கையக் கழுவுதியா, தோல உரிக்குதியா?" என்று வன்னியபெருமாள்கூடக் கேட்டார்.

முத்துசெல்விக்குத்தான் பொறுக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு சாயங்காலம் கேட்டாள்.

"சத்யா, எம்புள்ளைய ஏன்ட்டி தொட மாட்டேங்க? நாத்தமா அடிக்கு?"

"அப்பிடில்லாம் இல்லக்கா. எனக்குச் சளி."

"சளியக் காணுமே. ஒரு தும்மல் இல்ல, ஒரு இருமல் இல்ல. கட்டிக் குடுத்துட்டா கூடப்பொறந்தவளும் அசலூருதான் போல."

சத்யபிரியா எழுந்து ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டாள். அங்கே ஆடுகளுக்கு நடுவே நின்று அழுதாள். ஆடுகள் எதையும் கேட்பதில்லை என்பது ஒரு சௌகரியம்.

வெள்ளிக்கிழமை பிள்ளையின் கழுத்து மடிப்பில் ஒரு கொப்புளம் தெரிந்தது. பாசிப்பயறு அளவு, நுனியில் வெள்ளையாக. சனிக்கிழமை மூன்றாகிவிட்டது. ராதாமணி மருந்துக் கடையில் சொல்லி ஒரு மருந்து வாங்கிவந்து சங்கில் ஊற்றிக் கொடுத்தாள். சத்யபிரியா பாட்டிலைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். வளையம் விழாத நாலு வட்டுகளில் அது ஒன்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து வாசலில் சத்தம் கேட்டது, முத்துசெல்வியின் மாமியார் உமாராணி வந்துவிட்டாள்.

உமாராணி புதியம்புத்தூர்க்காரி. ரெடிமேட் துணி தைக்கிற கூடத்தில் இருபது வருஷமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். மகன் மாரிராஜும் அங்கேதான் துணி வெட்டுகிறான். மறுநாள் பதினாறாம் நாள், பேர் வைக்கிற சடங்கு. அதற்காக இரண்டு பஸ் மாறி, முழங்கால்வரை கரிசல் சேற்றோடு வந்து இறங்கினாள். பை நிறையப் பேத்திக்குச் சட்டை. வெட்டு மிஞ்சின துணியில் அவளே தைத்தது, ஒன்றுபோல் ஒன்று இல்லை.

"எங்க எம்பேத்தி? கொண்டாங்க மதினி... இதென்ன கழுத்துல?"

"சூட்டுக் கொப்புளம் மதினி. மருந்து வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றாள் ராதாமணி.

"மழக்காலத்துல என்ன சூடு? ஒழுங்காக் குளுப்பாட்டுதீங்களா? மூக்க ஊதுதீங்களா? சத்தம் கர்ருகர்ருன்னு கேக்கே."

"சின்னவதான் ஊதிக்கிட்டிருந்தா. நாலு நாளாப் புள்ளையத் தொட மாட்டேங்கா."

உமாராணி சத்யபிரியாவைத் திரும்பிப் பார்த்தாள். "கிருமிப் படிப்பு படிக்கியல்லா. நம்ம புள்ளையெல்லாம் அழுக்காத் தெரியும்."

அந்தச் சொல்லுக்கு அப்புறம் வாயைத் திறக்க அவளால் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் வன்னியபெருமாள் ஆட்டுக் குளம்புகளுக்கு மருந்து வைத்துவிட்டு வந்தார். பெண்கள் எல்லோரும் சமையல்கட்டில், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பால்சுறாக் குழம்போடு இருந்தார்கள். தொட்டிலில் பேத்தி தனியாகக் கிடந்தாள். கொப்புளத்தைப் பார்த்தார். மாடத்தில் இருந்த டப்பாவைப் பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்துக் கழுத்து மடிப்பில் தூவி, சட்டையை இழுத்து விட்டுவிட்டுப் போய்க் கால் கழுவினார். கெட்ட எண்ணமா அது? பிரியம்தான். அந்த மனுஷனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளை பால் குடிக்கவில்லை. உடம்பு கொதித்தது. அழக்கூடச் செய்யாமல் துவண்டு கிடந்தது. சடங்குக்கு வாங்கி வைத்த வெற்றிலைக் கட்டு அப்படியே கிடக்க, எல்லோரும் ஷேர் ஆட்டோவில் கோவில்பட்டிக்குப் போனார்கள். பிள்ளை உமாராணி மடியில். ஓட்டுநருக்குப் பக்கத்தில் சத்யபிரியா, செய்முறை நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. எதற்கு நோட்டு என்று யாரும் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

குழந்தை டாக்டர் பூவனநாதன் கழுத்தைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், கண் இமையை விலக்கினார். மருந்துக் கடைப் பாட்டிலை வாங்கிப் பார்த்தார்.

"எத்தன நாளாக் குடுக்குதீங்க?"

"ரெண்டு நாளா அய்யா" என்றாள் ராதாமணி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"சேத்துரணும். ரத்தத்துலயும் சீழுலயும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புதேன். முடிவு வர ரெண்டு மூணு நாளாகும். அதுவரைக்கும் ஊசி போடுவோம்." சொல்லிக்கொண்டே எழுதினார்.

எழுதுகிற கையைச் சத்யபிரியா பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்தின் பெயர் முதல் நாலு எழுத்து விழுந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சார், ஒரு நிமிஷம்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த மருந்து கேக்காது சார்." நோட்டை விரித்து மேஜைமேல் வைத்தாள். "எங்க காலேஜ்ல என் மூக்குல எடுத்துப் பாத்தாங்க. எங்கிட்ட முரட்டுச் சாதிக் கிருமி ஒண்ணு இருக்கு. இந்த நாலு மருந்துக்கும் வளையமே விழல. இந்த ரெண்டுக்குத்தான் விழுந்துச்சு. நான்தான் சார் தெனமும் பாப்பா மூக்குல ஊதுனேன். பொறந்து வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து. எனக்குச் செவ்வாக்கெழமையே தெரியும். நான் யாருட்டயும் சொல்லல."

அறையில் ராதாமணியின் நெஞ்சு விசில் மட்டும் கேட்டது. முத்துசெல்வி தங்கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் நோட்டை இரண்டு தடவை படித்தார். எழுதினதை அடித்துவிட்டு வேறு எழுதினார். "முடிவு வந்து மருந்த மாத்துறதுக்குள்ள ரெண்டு நாள் போயிருக்கும். பதினாறு நாள் புள்ளைக்கு ரெண்டு நாளுங்கிறது பெருசும்மா. நல்ல வேள சொன்ன." அப்புறம் கழுத்து மடிப்பைப் பஞ்சால் துடைத்துவிட்டுக் கேட்டார். "இதென்ன மஞ்சளா இருக்கு?"

"மஞ்சத்தான் பூசியிருப்பாவ" என்றாள் உமாராணி.

"நாங்க பூசலையே" என்றாள் ராதாமணி.

கதவோரமாகத் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்ற வன்னியபெருமாள் மகளைப் பார்த்தார். அவள் சொல்லிவிட்டு நிற்கிறாள். அவருக்கும் இனிமேல் மறைக்க முடியவில்லை.

"ஆட்டுப் பொடிங்கய்யா. குளம்பு அழுகலுக்கு வைக்கிறது. நேத்து யாருக்கும் தெரியாம நாந்தான் வச்சேன்."

"ஆட்டுக் குளம்பும் பச்சப்புள்ள கழுத்தும் ஒண்ணாய்யா?"

"எங்க வீட்ல எல்லாருக்கும் அதுதாங்கய்யா. எனக்கு முள்ளுக் குத்துனா அதுதான். இந்தா நிக்காளே, இவளுக்குச் சின்னதுல காது வடிஞ்சப்பவும் அதுதான். கேட்டுச்சுங்கய்யா."

"எத்தன நாள் போடுவீங்க?"

"காயுற வரைக்கும். ஒரு நாளு, ரெண்டு நாளு. மிச்சத்த ஆட்டுக்கு வச்சுக்கிடுவோம்."

"அந்தப் பொடியும் கிருமிய அடிக்கிற மருந்துதான்யா. பாம்ப அரையும் கொறையுமா அடிச்சு விட்டா என்ன ஆகும்? அதேதான் கிருமியும். அடிச்சா முழுசா அடிக்கணும், இல்ல தொடப்படாது" என்றார் டாக்டர். கோபமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் வன்னியபெருமாளின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் குரல் தணிந்துவிட்டது.

வெளியே வந்ததும் உமாராணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இந்தா பாருங்க மதினி. அண்ணாச்சி செஞ்சது அறியாத்தனம். இவ அறிஞ்சு செஞ்சிருக்கா. படிச்ச புள்ள, தெரிஞ்சும் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கா. இனி எம்பேத்தி கெடக்கிற எடத்துக்கு இவ வரப்படாது. அவ மூச்சு எம்புள்ள மேல படப்படாது."

யாரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? சத்யபிரியாவே மறுக்கவில்லை.

ஆறு நாள் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தது. சத்யபிரியா காலையில் ரசம் வைத்து, சோறு வடித்து, தூக்குவாளியில் கொண்டுபோய் வார்டு வாசலில் வைத்துவிட்டு, மரத்தடியில் நிற்பாள். ராதாமணி வந்து எடுத்துப் போவாள். "காச்சல் எறங்கிருச்சு" என்று ஒரு நாள் சொன்னாள். "நல்லாப் பால் குடிக்கி" என்று இன்னொரு நாள். அந்த இரண்டு வார்த்தையையும் அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் ஆட்டுக்குச் சொன்னாள். அக்கா ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. உமாராணியின் ஏச்சு அவளுக்கு வலிக்கவில்லை. அக்காவின் முதுகுதான் வலித்தது.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனதும் பிரித்திகாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"எங்கிட்ட ஏம்மா பொய் சொன்ன?"

"சொன்னா பாப்பாவத் தொட விடமாட்டாங்கன்னு நெனச்சேன் மிஸ்."

"இப்ப?"

"இப்பவும் விடல மிஸ்."

பிரித்திகா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. டாக்டரோடு போனில் பேசிவிட்டு, பிள்ளை வீட்டுக்குப் போன மறுநாள் அவரே பஞ்சுக்குச்சிகளோடு ஊருக்கு வந்தார். வீட்டில் இருக்கிற எல்லோர் மூக்கையும் பார்க்க வேண்டும் என்றார். வன்னியபெருமாள் சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு மூக்கைக் காட்டினார். ராதாமணி காட்டினாள். முத்துசெல்வி காட்டினாள். உமாராணிதான் மாட்டேன் என்றாள்.

"எம்மூக்குல என்னத்த எடுக்கப் போறிய? இருவது வருசம் பஞ்சுத் தூசியத் தின்ன மூக்கு இது."

"நீங்களும் பேத்தியக் கொஞ்சுதீங்கல்லா அம்மா."

"சரி, எடுங்க. எடுத்துட்டு, இந்த மூக்குல ஒண்ணுமில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

ஐந்தாம் நாள் சத்யபிரியா காகிதத்தைக் கொண்டுவந்தாள். வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே வராமல், அம்மாவிடம் நீட்டினாள். "சத்தமாப் படி" என்றாள் உமாராணி உள்ளேயிருந்து. ராதாமணிக்குப் படிக்க வராது. வாசலில் நின்றபடி சத்யபிரியாவே படித்தாள்.

"அம்மாவுக்கு இல்ல. உமாராணி அத்தைக்கு இல்ல."

"பாத்தியளா!" உமாராணி தொடையில் தட்டினாள். "நான் அப்பவே சொன்னேன்ல?"

"அப்பாவுக்கு இருக்கு. எனக்கு இருக்கு." நிறுத்தினாள். "அக்காவுக்கும் இருக்கு. அதே மாதிரி."

முத்துசெல்வி அப்போது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் நெருப்பைத் தொட்டவள்போல் பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அவள் முந்தானையால் தன் மூக்கையும் வாயையும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். அப்படியே அழுதாள்.

உமாராணி பிள்ளையைத் தூக்கினாள். ஆட்டினாள், தட்டினாள். அது அடங்கவில்லை. பாலுக்கு அழுகிற பிள்ளை எந்த மூக்கைப் பார்த்து அடங்கும்?

"என்ன முழிச்சுக்கிட்டு நிக்க, வாங்கு. புள்ள கத்துது" என்று மருமகளிடம் நீட்டினாள்.

"நான் தொடலாமா அத்தை? நீங்கதான சொன்னிய, மூச்சுப் படக்கூடாதுன்னு."

உமாராணி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினாள். பெற்றவளைப் பார்த்துத் தொடாதே என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது? மருமகளைப் பார்த்தாள், வாசலில் நிற்கிற சின்னவளைப் பார்த்தாள். ஒன்றுக்கு ஒரு சட்டம், இன்னொன்றுக்கு இன்னொரு சட்டம் என்று வெட்டித் தைக்க அவளுக்குக் கை வரவில்லை.

"மிஸ் சொன்னாங்க அத்தை" என்றாள் சத்யபிரியா வாசலிலிருந்தே. "அக்கா கையக் கழுவிட்டு, மூக்குல துணியக் கட்டிக்கிட்டுப் பால் குடுக்கலாம். பால்ல ஒண்ணுமில்ல. டாக்டரு களிம்பு எழுதிக் குடுத்திருக்காரு. மூணு பேரும் அஞ்சு நாள் போடணும். யாருட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம்."

முத்துசெல்வி கை கழுவினாள். கழுவிக் கழுவிச் சோப்பைத் தேய்த்தாள். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சத்யா, உள்ள வா" என்றாள். குரல் துணிக்குள்ளிருந்து வந்தது. "செவ்வாக்கெழமையில இருந்து நீ இப்படித்தான இருந்த? தனியா?"

சத்யபிரியா தலையை ஆட்டினாள்.

"சொல்லியிருந்தா நான் ஒன்ன ஏசியிருப்பேன். நிச்சயமா ஏசியிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கணும்ட்டி."

"ஆமாக்கா. சொல்லியிருக்கணும்."

அன்றிலிருந்து ஐந்து நாள், காலையும் மாலையும், அக்காளும் தங்கையும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒருத்தி மூக்கில் ஒருத்தி களிம்பு போட்டுக்கொண்டார்கள். வன்னியபெருமாளுக்கு ராதாமணி போட்டுவிட்டாள். "நீங்க ஆட்டப் புரட்டுன மாதிரி ஒங்களப் புரட்டிப் போட்டுத்தான் போடணும் போல" என்று ஏசிக்கொண்டே போட்டாள். மஞ்சள் பொடி டப்பாவை வன்னியபெருமாளே மாடத்திலிருந்து எடுத்து, பட்டிக் கம்பத்தில் உயரமாக ஒரு பையில் கட்டித் தொங்கவிட்டார். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் எடுத்துப் பார்த்ததில் மூன்று பேர் மூக்கும் சுத்தம் என்று வந்தது. திரும்பவும் வரலாம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் பிரித்திகா சொல்லி அனுப்பியிருந்தார்.

தள்ளிப்போட்ட பேர் வைக்கிற சடங்கை நாற்பதாம் நாளுக்கு வைத்தார்கள். அதற்கென்று முதல் நாளே வந்துவிட்ட உமாராணி காலையில் எழுந்து வெந்நீர் போட்டாள். கார்த்திகைக் குளிர். மழை விட்டுக் கரிசல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. உளுந்து காய்பிடித்து நின்றது. ராதாமணி காலை நீட்டி உட்காரப் போனாள்.

"நீங்க எந்திரிங்க மதினி" என்றாள் உமாராணி. "ஏட்டி சின்னவளே, வா. வந்து உக்காரு."

சத்யபிரியா நம்பாமல் அக்காவைப் பார்த்தாள். முத்துசெல்வி சிரித்தாள். சத்யபிரியா கையை முழங்கைவரை கழுவி, மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம் மாட்டிக்கொண்டு வந்து காலை நீட்டினாள். பிள்ளை அவள் காலுக்கு வந்தது. ஒரு மாசத்தில் கனத்திருந்தது. கழுத்தில் கொப்புளம் இருந்த இடத்தில் சின்னத் தழும்பு.

உமாராணி தண்ணீர் ஊற்றினாள். எண்ணெய் போகத் தேய்த்து, நீவி, எல்லாம் முடிந்தது. இனி ஊதுகிற இடம். பழக்க தோஷத்தில் சத்யபிரியா குனிந்தாள். உடனே நிமிர்ந்துகொண்டாள்.

"ஊதாத" என்றாள் உமாராணி. "டாக்டரு யாருமே ஊதப்படாதுன்னுட்டாரு. மூக்கு சுத்தம்னு வந்தும் என்னையும் ஊத விடல. சும்மா இரு, பாப்போம்."

நாலு பெண்களும் ஒரு பிள்ளையின் மூக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. உதட்டைக் குவித்தது. மூக்கு ஒரு தரம் விடைத்தது. யாரும் ஊதாமல், யாரும் தொடாமல், அதுவாகவே ஒரு தும்மல் போட்டது. மூக்கில் நின்ற தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிட்டது.

ராதாமணி வாயைத் திறந்தாள். உமாராணி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"மடியில வச்சிருக்கவதான் சொல்லணும். சொல்லுட்டி சித்திக்காரி."

சத்யபிரியா முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நூறு" என்றாள்.

பிள்ளை இன்னொரு தரம் தும்மியது.